அருமை என்னும் மாயை: சிற்றுரு நூற் சேகரிப்புப் பற்றிய ஒரு கண்டனம்

1985ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் பெயிஸ்லி நகரிலுள்ள கிளெனிஃபர் அச்சகம், ஆங்கிலக் குழந்தைகள் பலரும் அறிந்த ‘ஓல்ட் கிங் கோல்’ என்னும் பாடலை ஒரு நூலாக வெளியிட்டது. அந்நூலின் உயரம் ஒரு மில்லிமீற்றர். அகலமும் ஒரு மில்லிமீற்றர். அதன் பக்கங்களைப் புரட்ட விரல் உதவாது, ஊசிமுனையே வேண்டும். அச்சிடப்பட்ட பிரதிகள் 85. 2007ஆம் ஆண்டில் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலே சிறுவர் கதையொன்று அயன் கற்றையினால் சிலிக்கன் தகட்டிற் செதுக்கப்பட்டது. அதன் அளவு 0.07 மில்லிமீற்றருக்கு 0.10 மில்லிமீற்றர். அதனை வாசிக்க விரும்பும் சிறுவன் தன்னுடன் ஓர் இலத்திரன் நுணுக்குக்காட்டியைக் கொண்டுவரல் வேண்டும். பிரதிகள் 100. 2013ஆம் ஆண்டில் தோக்கியோவின் தொப்பன் அச்சு நிறுவனம், நான்கு பருவத்து மலர்களைப் பற்றி 22 பக்கங்களில் 0.75 மில்லிமீற்றர் அளவான நூலொன்றை வெளியிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியொன்றையும் சேர்த்து 29,400 யென்னுக்கு விற்றது.

இம்மூன்றும் நூல்கள் என்றே பெயர் பெற்றன, பட்டியல்களில் இடம்பெற்றன, விலை கொடுத்து வாங்கப்பட்டன. ஆயின், இவை யாருக்காக ஆக்கப்பட்டன என்னும் வினாவுக்கு விடை தேடப் புகுவோர், வாசகன் என்னும் பேர்வழி இவ்வரங்கில் எங்குமே தென்படாமையைக் காண்பர். எழுதியவர் உளர், அச்சிட்டவர் உளர், வாங்கியவர் உளர், விற்றவரும் உளர். வாசித்தவர் மாத்திரம் இலர். நூல் என்னும் சொல்லின் பொருளையே இது கேள்விக்குள்ளாக்குகின்றது.

ஆங்கிலத்தில் மினியேச்சர் எனப்படும் சிற்றுரு நூல் யாது என்பதற்குச் சேகரிப்பாளர்கள் ஓர் அளவுகோல் வைத்துள்ளனர். ஐக்கிய அமெரிக்காவில் உயரம், அகலம், தடிப்பு ஆகிய எதுவும் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத நூலே அப்பெயருக்குரியது. ஏனைய நாடுகளிற் சிலர் நான்கு அங்குலம் வரை இடங்கொடுப்பர். இத்தகைய நூல்களைத் தேடித் திரட்டுவோருக்கென 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஒரு சங்கமும் தோன்றியது. அசர்பைசானின் தலைநகரான பாக்கூவிலே 2002ஆம் ஆண்டு முதல் இவற்றுக்கெனத் தனி அருங்காட்சியகமே இயங்கி வருகின்றது. ஆகவே இது ஏதோ ஒருசில விசித்திர மனிதரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக்கூடிய விடயமன்று. நூலைப் பற்றிய ஒரு மனப்பாங்கு இங்கே நிலைபெற்று நிற்கின்றது. அம்மனப்பாங்கே இங்கு கண்டனத்துக்கு உரியது.

கண்டனம் எதன்மீது என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொள்ளல் நன்று. நூல் சிறிதாயிருத்தல் குற்றமன்று. நூல்களைச் சேகரித்தலும் குற்றமன்று. இயல்பாக அரிதாகாத ஒன்றை ஆணையிட்டு அரிதாக்குவதும், அவ்வாறு ஆக்கிய அருமையை விலைப்படுத்துவதும், அவ்விலை கொடுக்கும் செயலுக்கு நூற்பற்று என்று பெயர் சூட்டுவதுமே குற்றமாம்.

சிற்றுரு நூலின் வரலாற்றை நோக்குமிடத்து, சிறுமை என்பது தொடக்கத்தில் பெருக்கத்தின் கருவியாகவே பயன்பட்டமை தெளிவாகும். எட்டாம் நூற்றாண்டில் யப்பானியப் பேரரசி ஷோத்தோக்கு, பௌத்த மந்திரங்களைச் சிறு காகிதச் சுருள்களில் அச்சிட்டு, சின்னஞ்சிறு மரத் தாதுகோபங்களுள் வைத்து, ஒரு மில்லியன் எண்ணிக்கையில் ஆக்குமாறு பணித்தாள். 764ஆம் ஆண்டளவில் தொடங்கிய அப்பணி 770ஆம் ஆண்டளவில் நிறைவேறியது. உலகில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய அச்சுப் படிகளுள் அவை எண்ணப்படுகின்றன. அவை வாசிப்பதற்கென அச்சிடப்பட்டவை அல்ல என்பது உண்மையே. எனினும் அவற்றின் புண்ணியம் மிகுதியில் இருந்தது. எத்துணை பெருகுமோ அத்துணை நன்று என்பதே அப்பேரரசியின் எண்ணம். இத்தனைக்கு மேல் கூடாது என்பது இன்றைய பதிப்பாளனின் எண்ணம். சமய நம்பிக்கையிற் பிறந்த பழைய செயல், பகுத்தறிவுக் காலத்தின் வணிகச் செயலைவிடப் பொதுமைப் பண்பு மிக்கதாய் அமைந்தமை நோக்கத்தக்கது.

இன்னோர் எடுத்துக்காட்டு இதனினும் கூர்மையானது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஆபிரகாம் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் 1863 சனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வரவிருந்தது. அதற்குச் சில வாரங்களின் முன்னர், 1862 டிசெம்பரில், பொஸ்ரன் நகர வணிகரும் அடிமைமுறை எதிர்ப்பாளருமான ஜோன் மறே ஃபோர்ப்ஸ் என்பார் அப்பிரகடனத்தை உள்ளங்கையில் அடங்கும் சிறு நூலாக அச்சிடுவித்தார். வடபகுதிப் படைவீரர் தென்பகுதியுட் புகுந்து செல்லுகையில் அடிமைப்பட்டிருந்த மக்களிடையே அதனைப் பரப்புதல் வேண்டும் என்பதே நோக்கம். படைவீரனின் பையில் இடம் குறைவு. எனவே நூல் சிறிதாயிற்று. கைமாற்றிக் கொடுப்பதும் மறைத்து வைப்பதும் எளிதாதல் வேண்டும். எனவே நூல் சிறிதாயிற்று. சிறுமைக்கு இங்கே காரணம் உண்டு. அக்காரணம் மனிதரின் விடுதலையோடு பிணைந்தது. அந்நூலே இன்று சேகரிப்பாளர் நாடும் அரும்பொருளாகிவிட்டது. அடிமைகளின் கைக்குச் செல்லவென அச்சான தாள், இன்று பணம் படைத்தோரின் கண்ணாடிப் பேழையை அடைந்துள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோ நகரின் டேவிட் பிறைஸ் என்னும் பதிப்பகத்தார், ஒளிப்படமுறையாற் பெரிய பக்கங்களைச் சுருக்கி அச்சிடும் நுட்பத்தைப் பயன்படுத்தி, அகராதிகளையும் சமய நூல்களையும் இலக்கியங்களையும் மலிவான சிற்றுரு நூல்களாக ஏராளமாக வெளியிட்டனர். 1900ஆம் ஆண்டளவில் அவர்கள் வெளியிட்ட திருக்குர்ஆன், சிறு உலோகக் கூட்டினுள் வைக்கப்பட்டு, மூடியிலே உருப்பெருக்கிக் கண்ணாடியும் பதிக்கப்பெற்று விற்பனையாயிற்று. முதலாம் உலகப் போரில் பிரித்தானியரின் பக்கம் நின்று போரிட்ட முஸ்லிம் வீரர் பலர் அதனைக் கழுத்திலே தொங்கவிட்டுச் சென்றனர்.

இத்திருக்குர்ஆன் பதிப்புப் பற்றி ரீ. ஈ. லோறன்ஸ் தமது ‘ஞானத்தின் ஏழு தூண்கள்’ என்னும் நூலில் ஒரு செய்தியைத் தருகின்றார். அரபுக் கிளர்ச்சியின் புகழ்பெற்ற வீரனும் ஹோவெய்ற்றாத் குலத் தலைவனுமான அவுதா, பதின்மூன்று ஆண்டுகளின் முன்னர் 120 பவுண் கொடுத்துத் தாயத்தாக ஒரு சிறு குர்ஆனை வாங்கினான். அன்று முதல் எக்காயமும் தன்னைத் தீண்டவில்லை என்பது அவன் நம்பிக்கை. அந்நூலோ கிளாஸ்கோவில் அச்சான 18 பென்ஸ் பெறுமதியான மலிவுப் பதிப்பு. பவுணுக்கு 240 பென்ஸ் வழங்கிய அக்காலக் கணக்கின்படி அவுதா கொடுத்தது அடக்க விலையின் 1,600 மடங்காகும்.

இதனை வாசிக்கும் கல்விமான்கள் புன்முறுவல் பூப்பர். பாலைவனத்து மனிதனின் பேதைமை என்பர். ஆனால், வரையறுத்த பதிப்பின் இறுதித் தாளில் ‘ஐம்பது பிரதிகளுள் இது ஏழாவது’ என்று கையால் எழுதப்பட்ட குறிப்புக்காக, அதே சொற்களை அதே வரிசையில் கொண்ட சாதாரணப் பதிப்பின் விலையைப் போற் பன்மடங்கு கொடுக்கும் நகரத்து மனிதன் எவ்வகையில் வேறுபட்டவன்? அவுதாவுக்கு அந்நூலின் உள்ளடக்கம் புனிதமானது; இறைவனின் வாக்கு அதனுள் இருந்தது. அவன் ஏமாற்றப்பட்டது விலையில் மாத்திரமே. சேகரிப்பாளனுக்கோ உள்ளடக்கம் பொருட்டன்று, எண்ணே புனிதம். அவுதா தன் தாயத்தை மெய்யிலே அணிந்து போர்க்களம் புகுந்தான். சேகரிப்பாளன் தன் தாயத்தைப் பெட்டகத்திலே பூட்டி அதன் விலை ஏறுவதைக் காத்திருக்கின்றான். மூடநம்பிக்கை இருவருக்கும் பொதுவாயின், அவற்றுள் அவுதாவினது கண்ணியமானது என்றே கூறல் வேண்டும்.

வரையறுத்த பதிப்பு என்னும் முறை எவ்வாறு தோன்றிற்று என்பதும் ஆராய்தற்குரியது. செப்புத் தகட்டிலே கீறி அச்சிடும் ஓவியங்கள் ஓரளவுக்கு மேல் பிரதி எடுக்க இயலாதவை. அச்சியந்திரத்தின் அழுத்தத்தால் தகட்டின் நுண்ணிய கோடுகள் தேய்ந்துபோம். முதலில் எடுத்த பிரதி தெளிவாயும் இறுதியில் எடுத்தது மங்கியும் அமையும். எனவே பிரதிகளின் எண்ணிக்கைக்கும் வரிசைக்கும் அக்காலத்தில் ஒரு பௌதிக நியாயம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே செப்புத் தகட்டின்மேல் உருக்குப் பூச்சிடும் முறை கண்டறியப்பட்டதும் அந்நியாயம் பெரும்பாலும் ஒழிந்தது. தகடு தேயாது நின்றது. அந்நிலையில் வணிகர் செய்தது யாது? தேயாத தகட்டைத் தாமே கீறிச் சிதைத்தனர். எழுத்துக் கோப்பைக் கலைத்தனர். இனி ஒரு பிரதியும் வாராது என்று வாங்குவோனுக்கு வாக்குறுதி அளித்தனர். பொருளின் குறைபாடாய் இருந்தது வணிகத்தின் உத்தியாகிவிட்டது. உற்பத்திக் கருவி வளர்ந்து பொருளைப் பெருக்க வல்லதாகும்போது, அப்பெருக்கத்தைத் தடுத்தே இலாபம் தேடவேண்டிய நிலை தோன்றுகின்றது. பண்டத்தின் மாயவழிபாடு குறித்து 1867ஆம் ஆண்டில் வெளியான ‘மூலதனம்’ முதற்பாகத்திலே கார்ல் மார்க்ஸ் செய்த ஆய்வுக்கு இதனினும் தெளிவான விளக்கப்படம் கிடைத்தல் அரிது.

இங்கு ஒரே நூல் பல தரங்களாகப் பிரிக்கப்படுவதையும் கவனித்தல் தகும். ஒரே எழுத்துக்கோப்பில் அச்சான ஒரே நூலின் ஒரு பகுதி தோற் கட்டுடன் எழுத்துகளால் குறியிடப்பட்டு 26 பிரதிகளாகவும், மறுபகுதி துணிக் கட்டுடன் எண்களால் குறியிடப்பட்டும் வெளிவருதல் வழக்கம். முதலாவது வகுப்பு, இரண்டாவது வகுப்பு என்று புகையிரதப் பெட்டிகளைப் பிரிப்பது போன்றதே இது. புகையிரதத்திலாவது இரு வகுப்பினரும் ஒரே ஊருக்குப் போய்ச் சேர்கின்றனர்.

இம்முரண்பாட்டில் நல்லோரும் அகப்பட்டுக்கொண்டனர். ஆங்கிலக் கவிஞரும் சமதர்மவாதியுமான வில்லியம் மொறிஸ், இயந்திர உற்பத்தியின் அழகின்மையை வெறுத்து 1891ஆம் ஆண்டில் கெல்ம்ஸ்கொற் அச்சகத்தைத் தொடங்கினார். உழைப்பு மகிழ்ச்சியாதல் வேண்டும், கலை அனைவருக்கும் உரியதாதல் வேண்டும் என்று மேடைதோறும் முழங்கியவர் அவர். அவருடைய அச்சகத்தின் மணிமுடியெனப் போற்றப்படும் சோசரின் படைப்புத் தொகுதி 1896ஆம் ஆண்டில் வெளியாயிற்று. காகிதப் பிரதிகள் 425. தோற்றாட் பிரதிகள் 13. காகிதப் பிரதியின் விலை 20 பவுண். தோற்றாட் பிரதியின் விலை 120 கினி. அவர் யாருக்காகப் பேசினாரோ அத்தொழிலாளருள் ஒருவரும் அதனைத் தொட்டும் பார்த்திருக்க மாட்டார். மொறிஸின் நேர்மையை ஐயுறுவதற்கில்லை. தனிமனிதனின் நல்லெண்ணம் சந்தையின் விதியை மாற்ற வல்லதன்று என்பதற்கே அவர் சான்றாகின்றார். ஆயின் அவருடைய நூல் பெரியது, வாசிக்கத்தக்கது, ஒவ்வொரு பக்கமும் கண்ணுக்கு விருந்து. அவருடைய வழிவந்தோராய்த் தம்மைக் கூறிக்கொள்ளும் ஒரு மில்லிமீற்றர்க் கலைஞர்களுக்கு அச்சமாதானமும் இல்லை.

உழைப்பைப் பற்றிப் பேசுமிடத்து இத்தாலியின் பாதுவா நகரை மறத்தல் ஆகாது. அங்கே சல்மின் சகோதரர் என்போர் 1878ஆம் ஆண்டில் தாந்தேயின் ‘தெய்விக நாடகம்’ முழுவதையும் தீப்பெட்டியளவான ஒரு நூலில் அச்சிட்டனர். அதற்குப் பயன்பட்ட அச்செழுத்துக்கு ஈயின் கண் என்று பெயர். வெறுங் கண்ணால் பிரித்தறிய முடியாத அவ்வெழுத்துகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் கோத்த அச்சுக்கோப்பாளனும், அவற்றை ஒப்புநோக்கிப் பிழை திருத்தியவனும் பார்வை பழுதுற்றனர் என்பது அந்நூலைப் பற்றி எழுதுவோர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. பின்னர் அதே அச்சகத்தார் கலிலேயோவின் கடிதமொன்றை அதனினும் சிறிய நூலாக அதே எழுத்தில் அச்சிட்டனர். முதல் நூலின் விலையைத் தொழிலாளர் தம் கண்களாற் செலுத்திய பின்னரும் இரண்டாவது நூல் வெளியாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது. சேகரிப்பாளர் பட்டியல்களில் இக்கண்பழுதுச் செய்தி இரக்கத்துக்குரியதாக அன்று, நூலின் அருமைக்கு ஒரு சான்றாகவே எடுத்துரைக்கப்படுகின்றது. பிறர் கண்ணிழந்து ஆக்கியமையே ஒரு பொருளின் சிறப்பாகக் கருதப்படுமாயின், அங்கே கலைச்சுவை பற்றிய பேச்சு வெறும் போர்வை என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி, இச்சேகரிப்பை ஆதரிப்போர் கூறும் வாதங்களை நேர்மையோடு நோக்குதல் வேண்டும். அவற்றுள் வலுவானது, சேகரிப்பாளர் இன்றேல் இந்நூல்கள் அழிந்தே போயிருக்கும் என்பதாகும். இதில் உண்மை இல்லாமலில்லை. அமெரிக்கச் சேகரிப்பாளரான ரூத் அடொமெய்ற் தம் வாழ்நாள் முழுவதும் திரட்டிய பல்லாயிரம் சிற்றுரு நூல்கள் 1996ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தைச் சேர்ந்தன. இன்று ஆய்வாளர் அவற்றைப் பார்வையிடலாம். இத்தகைய கொடை போற்றுதற்குரியது. ஆனால் இக்கொடையின் சிறப்பு எங்கே உள்ளது? சேகரிப்பு தனியுடைமையாய் இருந்ததிலா, அது பொதுவுடைமையாய் முடிந்ததிலா? ஆதரவாளர் காட்டும் மிகச் சிறந்த உதாரணமே அவர்தம் வாதத்துக்கு எதிராகச் சாட்சி கூறுகின்றது.

பேணுதல் என்னும் சொல்லின் பொருளையும் ஈண்டு ஆராய வேண்டும். ஆங்கில நாவலாசிரியை சார்லொற் புறொன்ரே சிறுமியாயிருந்த காலத்தில், தம் சகோதரன் பிரான்வெல்லின் மரப் போர்வீரப் பொம்மைகள் வாசிப்பதற்கென அவற்றின் அளவுக்கேற்ற சிறு ஏடுகளை எழுதினார். காகிதம் எளிதிற் கிட்டாத அவ்வீட்டில், கிடைத்த துண்டுத் தாள்களை மடித்துத் தைத்து, அச்செழுத்துப் போன்ற நுண்ணிய கையெழுத்தில் கதைகளும் பாடல்களும் விளம்பரங்களும் நிறைத்தார். 1830ஆம் ஆண்டில், அவருக்குப் பதினான்கு வயது நடக்கையில், எழுதிய ‘இளைஞர் சஞ்சிகை’யின் ஓர் இதழ் 35 மில்லிமீற்றருக்கு 61 மில்லிமீற்றர் அளவினது. அதனுள் 4,000 சொற்களுக்கு மேல் அடங்கியுள்ளன. பொம்மை வீரர்களாயினும் வாசகர் என்று சிலரை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட நூல் அது.

அவ்விதழ் 2011ஆம் ஆண்டில் இலண்டனில் ஏலத்துக்கு வந்தது. எழுத்தாளரின் இல்லமாகிய ஹேவர்த் அருங்காட்சியகம் அதனை வாங்க முயன்று தோற்றது. பரிஸ் நகரின் தனியார் அருங்காட்சியகமொன்று 690,850 பவுணுக்கு அதனைப் பெற்றுக்கொண்டது. அவ்வருங்காட்சியகத்தின் பின்னால் நின்றது, பழங் கையெழுத்துப் படிகளைப் பங்குகளாகப் பிரித்து மக்களுக்கு விற்ற அரிஸ்ரொஃபில் என்னும் நிறுவனம். ஏறத்தாழ 18,000 பேர் அதில் முதலிட்டிருந்தனர். 2015ஆம் ஆண்டில் அந்நிறுவனம் முறிவடைந்தது. சிறுமியொருத்தியின் விளையாட்டு ஏடு, வங்குரோத்தானவரின் சொத்துப் பட்டியலில் ஒரு வரியாயிற்று. 2019 நவம்பரில் மீண்டும் பரிஸில் ஏலம் நிகழ்ந்தபோது, பொதுமக்களின் நன்கொடையும் சேர்ந்த நிதியைக் கொண்டு 600,000 யூரோ விலையில் ஹேவர்த் அதனை மீட்டது. பொதுமக்களின் பண்பாட்டுச் செல்வத்தைப் பொதுமக்களே, சூதாட்டத்தால் ஏறிய விலை கொடுத்துத் திரும்ப வாங்க நேர்ந்தது.

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் வருந்தத்தக்கது. 1829ஆம் ஆண்டில் அதே சிறுமி பத்துக் கவிதைகளைக் கொண்ட சிறு ஏடு ஒன்றை ஆக்கினார். அக்கவிதைகளின் தலைப்புகளை 1857ஆம் ஆண்டில் வெளியான அவருடைய வாழ்க்கை வரலாறு மூலம் உலகம் அறிந்திருந்தது. கவிதைகளை அறிந்திருக்கவில்லை. 1916ஆம் ஆண்டில் நியூயோர்க் ஏலத்தில் 520 டொலருக்கு விலைபோன அவ்வேடு பின்னர்ப் பொதுக் கண்களிலிருந்து மறைந்தது. நூறாண்டுக்கு மேல் அது எங்குளது என்பதே ஆய்வுலகுக்குத் தெரியவில்லை. 2022ஆம் ஆண்டில் வெளிப்பட்டபோது அதன் விலை 1,250,000 டொலர். பிரித்தானிய நூலகங்களின் நண்பர் அமைப்பு அதனை வாங்கி ஹேவர்த் இல்லத்துக்கு அளித்தது.

காகிதம் பேணப்பட்டது; ஐயமில்லை. ஓர் இதழும் உதிரவில்லை. ஆனால் பத்துக் கவிதைகள் நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அச்சேறாமல் முடங்கிக் கிடந்தன. ஆங்கில இலக்கிய மாணவர் பல தலைமுறையினர் அவற்றை அறியாமலே கற்றுத் தேர்ந்தனர். ஒரு நாள் முயன்று பிரதி செய்திருந்தால் உலகம் முழுவதற்கும் கிடைத்திருக்கக்கூடிய பத்துக் கவிதைகள் அவை. ஏன் பிரதி செய்யப்படவில்லை? பிரதி பெருகின் மூலத்தின் மருமம் குறையும், மருமம் குறையின் விலை குறையும் என்னும் அச்சம் இச்சந்தையின் உள்ளுறை விதி. பேணுதல் வேறு, பதுக்குதல் வேறு. அரிசியைப் பதுக்குவோனைச் சமுதாயம் தண்டிக்கின்றது; கவிதையைப் பதுக்குவோனை இரசிகன் என்று பாராட்டுகின்றது.

இரண்டாவது வாதம், கையால் அச்சுக்கோத்தலும் நூற்கட்டுக் கலையும் இச்சேகரிப்பாளர் தரும் பணத்தினாலேயே இன்னும் உயிர்வாழ்கின்றன என்பதாகும். கைவினைஞன் வாழ்தல் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் கைவினைஞனின் திறமையை வாழ வைப்பது பிரதிகளின் தடை அன்று. அவனது உழைப்புக்குரிய கூலியே ஆகும். அவன் ஐம்பது பிரதி ஆக்கினால் ஐம்பதுக்குரிய கூலியும், ஐந்நூறு ஆக்கினால் ஐந்நூறுக்குரிய கூலியும் பெறுதல் முறை. கையால் ஆக்கும் பிரதி தானாகவே ஓரளவுக்கு மேல் பெருகாது. அதற்குரிய வரம்பை உழைப்பே விதிக்கும். அவ்வரம்புக்கு முன்னரே எண்ணை நிறுத்தி, இனி ஆக்குவதில்லை என்று சத்தியம் செய்யும்போது கூடும் விலை கைவினைஞனுக்குச் செல்வதன்று. அது இரண்டாம் கை, மூன்றாம் கை விற்பனையில் வணிகனுக்கும் முன்னைய உடைமையாளனுக்குமே செல்கின்றது.

மூன்றாவது வாதம் தனிமனித உரிமை பற்றியது. ஒருவர் தம் பணத்தைக் கொண்டு தாம் விரும்பியதை வாங்குவதில் பிறர்க்கு என்ன என்பர். அஞ்சல் முத்திரையையோ சிப்பியையோ ஒருவர் சேர்ப்பின் அவ்விடை பொருந்தும். நூல் அத்தகையதன்று. முத்திரை ஒட்டப்படுவதோடு தன் பணியை முடித்துக்கொள்கின்றது. நூலோ வாசிக்கப்படும்போதே தன் பணியைத் தொடங்குகின்றது. எழுதியவனுக்கும் வாசிப்பவனுக்கும் இடையிலான உறவே நூல். அவ்வுறவை அறுத்துத் தாளையும் தோலையும் மாத்திரம் உடைமையாக்கிக்கொள்வோன், கிணற்றை வாங்கி மூடி வைப்பவனை ஒத்தவன். கிணறு அவனுடையதாகலாம்; ஊரின் தாகம் அவனுடைய தனி விடயமன்று.

அருமை என்பது வாழ்வில் எத்தகையது என்பதைத் தமிழ் மாணவர் பிறர் சொல்லிக் கேட்கவேண்டியதில்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தமிழின் தொன்னூல்கள் ஒருசில ஏட்டுச் சுவடிகளாய், கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகிக்கொண்டிருந்தன. அவை அரியவை; இன்றைய சந்தையில் விலை மதிப்பற்றவை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அச்சுவடிகளைத் தேடித் திரட்டினார். திரட்டியபின் அவற்றின்மேல் அமர்ந்திருந்தாரல்லர். 1881இல் வீரசோழியத்தையும், 1887இல் கலித்தொகையையும், 1889இல் சூளாமணியையும் அச்சேற்றினார். ஒரு சுவடியை ஓராயிரம் நூலாக்குவதே அவர் கண்ட சேகரிப்பு. அருமையை ஒழிப்பதற்காகவே அவர் அரியவற்றைத் தேடினார். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. பிறிதோரிடத்திற் பிரதி இல்லாத ஏடு எரியுமிடத்து இழப்பு என்னும் சொல்லின் முழுப்பொருளும் வெளிப்படுகின்றது. 2005ஆம் ஆண்டு முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பிரதி செய்து எவரும் வாசிக்கும் வண்ணம் வைத்து வருவதும் தாமோதரம்பிள்ளையின் நெறியே ஆகும். நூல் அரிதாதல் ஒரு விபத்து என்பதையும், பெருக்குதலே அதற்கு மருந்து என்பதையும் நெருப்பினாற் கற்றுக்கொண்ட ஒரு சமூகத்திலே, ஐம்பது பிரதியோடு நிறுத்திவிட்டேன் என்பதை ஒரு சிறப்பாக எவரேனும் கூறின், அது இழந்தோர் முன்னிலையிற் செய்யும் பரிகாசமாகவே முடியும்.

ஆகவே செய்யத்தக்கது யாது? சிற்றுரு நூல்களை எரிக்குமாறோ, சேகரிப்பாளரை இகழ்ந்து துரத்துமாறோ எவரும் கூறார். மூன்று கோரிக்கைகளை முன்வைக்கலாம். முதலாவது, வரையறுத்த பதிப்பாக வெளியாகும் எந்நூலின் உள்ளடக்கமும் வரையறையற்ற எளிய பதிப்பாகவும் கிடைத்தல் வேண்டும். விரும்புவோர் தோற் கட்டுக்கு விலை கொடுக்கட்டும். சொற்களுக்குப் பூட்டு வேண்டாம். இரண்டாவது, தனியார் வசமுள்ள ஒற்றைப் பிரதிகள் பொது நூலகங்களாற் படியெடுக்கப்படுதல் வேண்டும். மூலத்தை வைத்திருக்கும் உரிமை உடைமையாளனுக்கு இருக்கலாம். பிறர் வாசிப்பதைத் தடுக்கும் உரிமை அவனுக்கு இல்லை. மூன்றாவது, பல்கலைக்கழக நூலகங்கள் தம் சிறிய நிதியைக் காட்சிப் பொருள்களில் முடக்காது, மாணவர் கையிற் புரளும் நூல்களுக்கே செலவிடல் வேண்டும்.

படைவீரனின் பையிற் கிடந்து, அழுக்கேறி, மடிந்து, கைமாறிச் சென்ற ஃபோர்ப்ஸின் சிறு பிரகடனம் ஒரு நூல். அதன் பிரதிகளுட் பல கிழிந்தழிந்திருத்தல் கூடும். அவை பயன்பட்டு அழிந்தவை. ஊசிமுனையாற் புரட்டப்படும் எண்பத்தைந்து பிரதிகளோ இனியும் நெடுங்காலம் புத்தம் புதிதாகவே இருக்கும். அவற்றை அழுக்காக்க ஒரு வாசகன் கையும் நீளப்போவதில்லை.